காட்டுக்குள் ஒரு பெட்டி

கடந்த வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து சூரிச்பேர்க் குன்றுக்குப் போயிருந்தோம். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, சுடுதண்ணிப் போத்தலில் தேநீரும் எடுத்துக்கொண்டு போனோம். எங்களில் இரண்டு குடும்பத்தார் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகின்றன. மூன்றாவது குடும்பத்தில் கணவர் முன்னரே வந்தவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

பாதையோரம் பாய் விரித்துச் சாப்பாட்டுப் பொதிகளை அவிழ்த்துக் கொண்டிருந்தபோது, அவர்களுடைய எட்டு வயது மகன் ஒரு மரத்தடியில் குந்தியிருந்து கூப்பிட்டான்.

"அம்மா, இஞ்சை வந்து பாருங்கோ! வேருக்குள்ளை ஒரு பெட்டி!"

தாயார் எழுந்த வேகத்தில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. "தொடாதை! கையை எடு! திரும்பி ஓடாதை. காலடி வைச்சு வந்த இடத்திலையே காலடி வைச்சு மெல்ல வா!"

பையன் அப்படியே வந்தான். தாய் அவனை இழுத்து அணைத்தபோது அவருடைய கைகள் நடுங்கின. இங்கே பிறந்த எங்கள் கடைசி மகள், "பயப்பிடாதேங்கோ அன்ரி, அது ஒரு விளையாட்டுப் பெட்டி" என்று சிரித்துக்கொண்டு சொல்லத் தொடங்கியவள், அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அந்தத் தாயார் முல்லைத்தீவுப் பக்கத்தில் வளர்ந்தவர். போர் முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது, வீட்டு வளவுக்கு அப்பால் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றனவாம். தெரியாத பொருளைத் தொடக்கூடாது, வந்த காலடியிலேயே திரும்பிப் போகவேண்டும், பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்று பாடசாலையில் படித்தவர் அவர். எட்டு மாதத்தில் அது மறந்து போகுமா?

அவர் செய்தது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த நாட்டிலும், குறிப்பாக இராணுவம் பயிற்சி செய்யும் மலைப்பகுதிகளில், வெடிக்காத குண்டுகள் சிலவேளை கிடக்கும். தொடாதே, அடையாளமிடு, அறிவி என்பதே இங்குள்ள இராணுவமும் சொல்லும் விதி. அறிவிப்பதற்குப் பொலிசாரின் 117 ஆம் இலக்கம் இருக்கிறது. ஆகவே பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது இங்கும் தேவையான பாடந்தான்.

ஆனால் அன்று அந்த வேருக்குள் இருந்தது வேறு பொருள். அதைப் பற்றியும், அது இருந்த காட்டைப் பற்றியும், அந்தக் காட்டில் நமக்கு என்ன உரிமை உண்டு என்பது பற்றியும் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லவேண்டும் என்று அன்றே எண்ணினோம்.

குன்றுக்குப் போகும் வழி

சூரிச் நகரின் கிழக்கே எழுந்து நிற்கும் இந்தக் குன்றின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 676 மீற்றர். நகரத்திலிருந்து ட்ராம் வண்டியில் ஏறி விலங்குப் பூங்காத் தரிப்பில் இறங்கினால் போதும். விலங்குப் பூங்கா 1929 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பிள்ளைகள் அதற்குள் போகத்தான் அடம்பிடிப்பார்கள். அனுமதிச் சீட்டின் விலையைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் காட்டுப் பக்கம் திரும்புவார்கள். காட்டுக்குக் கட்டணம் இல்லை.

பூங்காவுக்கு அருகிலேயே புளுன்ரேர்ண் மயானம் இருக்கிறது. அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் ஜேம்ஸ் ஜொய்ஸ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். முதலாவது உலகப் போர்க் காலத்தில் இந்த நகரத்துக்கு வந்து தங்கியவர், இரண்டாவது உலகப் போர் மூண்டபோது 1940 டிசம்பரில் மீண்டும் இங்கு வந்து, அடுத்த மாதமே காலமானார். போருக்கு ஒதுங்கி இந்த ஊருக்கு வந்தவர்களில் நாம் முதல் ஆட்கள் அல்லர் என்பதை அந்தக் கல்லறை நினைவூட்டும். சற்றுத் தள்ளி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் தலைமையகமும் இருக்கிறது. அதற்கு அப்பால் காடு தொடங்குகிறது.

மதில் இல்லை, முட்கம்பி இல்லை, வாசற்காவலரும் இல்லை. நல்ல மண்பாதை ஒன்று நேராக மரங்களுக்குள் போகிறது. மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகை, எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் நடக்கவேண்டும் என்று சொல்கிறது. வைகாசியில் புதுத்தளிர் விட்ட மரங்களுக்குக் கீழே வெளிச்சம் பச்சையாக விழும்.

எண்பதுகளின் இறுதியில் இங்கு வந்த புதிதில் நாங்கள் இந்தக் காட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எங்கள் ஊரில் காடு என்றால் ஒளிந்திருக்கும் இடம், அல்லது ஒருவரும் போகாத இடம். இங்கேயோ வாசல் இல்லாத இடமாக இருந்தது. வாசல் இருந்தால் அங்கே நிற்பவரிடம் போகலாமா என்று கேட்கலாம். வாசலே இல்லாத இடத்தில் யாரிடம் கேட்பது? உள்ளே போனபின் ஒருவர் வந்து அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொன்னால் என்ன செய்வது? இப்படி எண்ணி, உணவகத்துச் சமையலறையில் வேலை முடிந்தால் அறைக்குத் திரும்புவதும், ஓய்வு நாளில் புகையிரத நிலையத்தில் நம்மவர்களைக் கண்டு பேசுவதுமாக முதல் ஐந்து வருடங்கள் போயின.

எவரும் என்ற சொல்

பிற்காலத்தில்தான் ஒரு சட்டத்தை அறிந்தோம். சுவிஸ் குடியியல் சட்டக்கோவை 1907 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு, 1912 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 699 ஆம் பிரிவு, காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் போவதும், அங்கே தானாக விளையும் காட்டுப்பழங்கள், காளான்கள் போன்றவற்றை அந்த ஊர் வழக்கத்துக்கேற்ற அளவில் எடுப்பதும் எவருக்கும் அனுமதிக்கப்பட்டது என்று கூறுகிறது. பயிர்ச்செய்கையைப் பாதுகாக்க அதிகாரிகள் எல்லை குறித்துத் தடை செய்த இடங்கள் மட்டும் விலக்கு.

எவரும் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சுவிஸ் பிரசைகள் என்று அங்கே எழுதப்படவில்லை. பி அனுமதி உள்ளவர், சி அனுமதி உள்ளவர் என்றும் பிரிக்கப்படவில்லை. என் அனுமதியோடு முகாமில் இருப்பவருக்கும், எப் அனுமதியோடு இருப்பவருக்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் காட்டுப் பாதை ஒன்றுதான்.

சுவிஸ் நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு. அதில் பெரும்பகுதி ஊராட்சிகளுக்கும் பொது அமைப்புக்களுக்கும் சொந்தம். மீதி தனியாருடையது. தனியார் காடாக இருந்தாலும் நடந்து போகும் உரிமை அப்படியேதான் இருக்கிறது. மரத்தை வெட்டலாமா என்பது வேறு கேள்வி. மலையில் அளவில்லாமல் மரம் வெட்டிப் பெருவெள்ளங்களால் துன்பப்பட்ட இந்த நாட்டவர், 1876 ஆம் ஆண்டிலேயே காடுகளைப் பாதுகாக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1991 ஆம் ஆண்டின் வனச்சட்டமும், காட்டை மக்களுக்குத் திறந்து வைக்கும் பொறுப்பைக் கன்ரோன்களிடம் கொடுத்திருக்கிறது. பெரிய நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்கவேண்டும் என்று கன்ரோன்கள் விதிப்பதும் அந்தச் சட்டத்தின்படிதான்.

நடக்க அனுமதி தேவையில்லை. ஒரு பொருளை அங்கே வைக்கவோ, பலரைக் கூட்டவோ விரும்பினால் கேட்கவேண்டும். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பல வருடங்கள் சென்றன.

நீலப் பலகைகளின் கதை

சூரிச்பேர்க் காட்டில் நடந்தால் நீல நிறப் பலகைகளைக் காண்பீர்கள். ஒரு மனிதர் கையை உயர்த்துவதும், குனிவதும், கட்டையைத் தாண்டுவதும் படமாக வரைந்திருக்கும். இதன் பெயர் வீட்டா பார்க்கூர். பதினைந்து நிலைகள் உள்ள உடற்பயிற்சிப் பாதை. இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 500 பாதைகள் இருக்கின்றன. உங்கள் ஊருக்குப் பின்னால் உள்ள காட்டிலும் அநேகமாக ஒன்று இருக்கும். ஆனால் முதலாவது பாதை 1968 ஆம் ஆண்டில் இந்தப் புளுன்ரேர்ண் காட்டில்தான் திறக்கப்பட்டது.

இது அரசாங்கம் யோசித்துச் செய்த காரியம் அன்று. சூரிச்சின் வொலிஸ்ஹோபன் பகுதியில் ஆண்களுக்கான உடற்பயிற்சிக் கழகம் ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர்கள் காட்டில் ஓடுவார்கள். ஓடும்போது கீழே கிடக்கும் மரக்கட்டைகளையும் கிளைகளையும் தூக்கிப் பயிற்சி செய்வார்கள். பயிற்சி முடிய அவற்றைப் பாதையிலேயே விட்டுவிட்டுப் போனதால் வனப் பொறுப்பாளருக்குக் கோபம் வந்தது என்று அதன் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அதற்காக அவர்கள் காட்டை விட்டுப் போய்விடவில்லை. தங்களுக்கென்று நிரந்தரமாகக் கட்டைகளும் வளையங்களும் அமைத்த ஒரு காட்டுப் பகுதி வேண்டும் என்று கேட்டார்கள். பணத்துக்கு வீட்டா ஆயுள் காப்புறுதி நிறுவனம் துணை நின்றது. அதனால்தான் அந்தப் பெயர்.

மஞ்சள் கைகாட்டிகளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சூரிச் ஏரிக்கரையில் உள்ள மைலன் ஊரில் யோகான் யாக்கோப் எஸ் என்ற ஆசிரியர் இருந்தார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிளவுசன் கணவாய் வழியே நடந்தபோது, மோட்டார் வண்டிகள் எழுப்பிய தூசியிலும் இரைச்சலிலும் ஒதுங்கி ஒதுங்கிப் போகவேண்டியதாயிற்று. நடப்பவர்களுக்கெனத் தனிப்பாதை வேண்டும் என்று அவர் முயற்சி எடுத்தார். 1934 ஆம் ஆண்டில் நடைபாதைகளுக்கான நாடளாவிய அமைப்புத் தோன்றியது. 1979 ஆம் ஆண்டில் இந்த விடயம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் ஆதரித்து, நடைபாதைகள் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றன. இன்று அடையாளமிட்ட நடைபாதைகளின் நீளம் ஏறக்குறைய 65,000 கிலோமீற்றர்.

ஒரு பக்கம் மாலையில் ஓடப் போன கழகத்தார், மறுபக்கம் ஒரு பாடசாலை ஆசிரியர். இரு தரப்பாரும் பொழுதுபோக்காகத் தொடங்கியதை அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள்.

பெட்டி எங்கிருந்து வந்தது?

இனி அந்த மரத்தடிப் பெட்டிக்கு வருவோம். இந்த விளையாட்டின் பெயர் ஜியோகாஷிங். ஒருவர் ஒரு பெட்டியை மறைத்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கை இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் கைத்தொலைபேசியிலுள்ள ஜி.பி.எஸ். உதவியோடு தேடிப் போவார்கள். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் சிறு கொப்பியில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். விரும்பினால் உள்ளே இருக்கும் விளையாட்டுப் பொருள் ஒன்றை எடுத்து, வேறொன்றைப் போடலாம்.

செய்மதி மூலம் இடமறியும் வசதி அமெரிக்க இராணுவத்துக்காக உருவானது. பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தார்கள். 2000 ஆம் ஆண்டு மே 2 ஆம் திகதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே ஒரேகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்ரிக் வாளியில் சில பொருட்களைப் போட்டுக் காட்டோரத்தில் வைத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று அறிவித்தார். விளையாட்டு உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854 ஆம் ஆண்டிலேயே ஒரு வழிகாட்டி, நடந்து வருவோர் தம் பெயர்ச் சீட்டைப் போட்டுப் போகக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை வைத்திருந்தார். ஆகவே எண்ணம் பழையது, கருவிதான் புதியது.

இராணுவத்துக்கென வந்த கருவி பிள்ளைகளின் கையில் விளையாட்டுப் பொருளாயிற்று என்று கேட்டபோது அந்தத் தாயார் தலையை ஆட்டினார். எங்கள் ஊரில் அது மறுபக்கமாக நடந்தது என்றார். பிள்ளைகள் விளையாடிய இடங்கள் இராணுவத்தின் இடங்களாகின.

பூங்காப் பொறுப்பாளர்களுக்கு இந்த விளையாட்டு முதலில் பிடிக்கவில்லை. பெட்டி தேடுவோர் செடிகளை மிதிப்பார்கள், மண்ணைத் தோண்டுவார்கள், பெட்டிகள் குப்பையாகக் கிடக்கும் என்று அஞ்சினார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஆரம்பத்தில் இது தடுக்கப்பட்டது. விளையாடுவோர் சண்டைக்குப் போவதை விட்டு, அதிகாரிகளின் அச்சத்தை ஒவ்வொன்றாகத் தீர்க்க முயன்றார்கள். நிலத்தைத் தோண்டிப் புதைக்கக்கூடாது, உணவு வைக்கக்கூடாது, நில உரிமையாளரின் அனுமதி பெறவேண்டும் என்று தங்களுக்குள்ளேயே விதி செய்துகொண்டார்கள். 2002 ஆம் ஆண்டிலிருந்து, பெட்டி தேடப் போகும் இடத்தில் குப்பை பொறுக்கி வரும் வழக்கத்தை இயக்கமாகவே நடத்தினார்கள். பெட்டியே வைக்கக்கூடாத இடங்களுக்கு இன்னொரு வழி கண்டார்கள். அமெரிக்க நிலவியல் சங்கத்தோடு சேர்ந்து 2004 ஆம் ஆண்டில், பாறையையோ அருவியையோ போய்ப் பார்த்து விடை சொன்னால் போதும் என்ற முறை வந்தது. பின்னர் தேசியப் பூங்காக்கள் சிலவும், அந்தந்தப் பொறுப்பாளரின் சம்மதத்தோடு இடம்கொடுத்தன.

சுவிஸில் பாதையோரக் காடுகளில் இந்தப் பெட்டிகள் பல இருக்கின்றன. ஆனால் வனவிலங்குகளுக்கென ஒதுக்கிய அமைதி வலயங்களுக்குள் குறித்த காலத்தில் போகவே கூடாது. 1914 ஆம் ஆண்டில் கிறவுபுண்டன் கன்ரோனில் தொடங்கிய சுவிஸ் தேசியப் பூங்காவில் பாதையை விட்டு விலகுவதே குற்றம். அங்கிருந்து ஒரு பூவையும் பறிக்க முடியாது. ஆகவே காடு எவருக்கும் திறந்தது என்றாலும், காட்டில் வாழும் மானுக்கும் பறவைக்கும் உரிய இடம் தனியாக இருக்கிறது.

எங்கள் இரண்டு அனுபவங்கள்

இப்போது எங்கள் சொந்தக் கதை. தொண்ணூறுகளில் ஒரு கோடை நாள். எங்கள் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு ஒரு காட்டோரத்துக்குப் போனோம். நூறு பேருக்குக் கிட்ட இருக்கும். பெரிய கிடாரத்தில் சோறு, ஒலிபெருக்கியில் பாட்டு, பிள்ளைகளுக்குக் கயிறிழுப்பு. மதியத்துக்கு முன்னரே வனப் பொறுப்பாளர் வந்துவிட்டார். அவர் பேசிய சுவிஸ் டொச்சு எங்களில் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. நெருப்பைக் காட்டினார், ஒலிபெருக்கியைக் காட்டினார், மணிக்கூட்டைக் காட்டினார். அரைவேக்காட்டுச் சோற்றோடு வீடு திரும்பினோம்.

கறுப்பர்கள் என்றபடியால் துரத்திவிட்டான் என்று அன்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சைப் பல வருடங்கள் காவினோம். பிள்ளைகளின் காதிலும் போட்டோம். நிறத்தைப் பார்த்து நடந்துகொள்பவர்களை நாம் இங்கே சந்தித்ததில்லை என்று சொல்ல வரவில்லை. சந்தித்திருக்கிறோம். ஆனால் அன்று நடந்தது அதுதானா என்று நாங்கள் விசாரிக்கவே இல்லை.

வேலைத்தலத்தில் எங்களோடு வேலை செய்த சுவிஸ்காரர் ஒருவர் ஓ.எல். ஓடுபவர். வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நிலைகளைத் தேடி ஓடும் போட்டி அது. இந்த நாட்டில் மிகப் பிரபலம். சுவிஸ் வீராங்கனை சிமோன் நிக்லி லூடர் அதில் 23 உலகப் பட்டங்கள் வென்றவர். எங்கள் கதையைக் கேட்ட அந்த நண்பர் சிரித்தார். "நாங்கள் ஒரு போட்டி வைப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே எழுதத் தொடங்குவோம். வனப் பொறுப்பாளர், வேட்டைக்காரர், ஊராட்சி எல்லாரிடமும் கேட்போம். சிலவேளை வேண்டாம் என்பார்கள். வேறு இடம் கேட்போம்" என்றார்.

வொலிஸ்ஹோபன்காரருடைய கதையை நாங்கள் பின்னர் அறிந்தபோது வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. வனப் பொறுப்பாளர் எங்களை மட்டும் கோபிக்கவில்லை. சுவிஸ்காரரையும் கோபித்திருக்கிறார். அவர்கள் மறுபடி போய்க் கேட்டார்கள். நாங்கள் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பிள்ளைகளே இந்தப் பெட்டி விளையாட்டைத் தமிழ்ப் பாடசாலைக்கு நடத்த ஆசைப்பட்டார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தமிழ்க் கேள்வி, விடை தெரிந்தால் அடுத்த பெட்டிக்கு வழி தெரியும். இம்முறை எங்கள் ஊராட்சிக்குக் கடிதம் எழுதினோம். மூன்று வாரத்தில் மறுப்பு வந்தது. பெரியவர்கள் நாங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டோம். எங்கள் மகன்தான் அதை எடுத்து மறுபடி வாசித்தான். "அப்பா, இதிலை வேண்டாம் எண்டு மட்டும் எழுதேல்லை. ஏன் எண்டும் எழுதியிருக்கினம்" என்றான்.

காரணங்கள் மூன்று இருந்தன. நாங்கள் கேட்டது மான் குட்டி ஈனும் காலம். கேட்ட இடம் பாதைக்குத் தூரம். பெட்டிகளை எப்போது எடுப்போம் என்று எழுதவில்லை. மகனே இரண்டாவது கடிதத்தை எழுதினான். புரட்டாதி மாதம், பாதையிலிருந்து ஐந்து மீற்றருக்குள், பத்துப் பத்துப் பேராக, மாலை ஐந்து மணிக்கு முன் பதினைந்து பெட்டியும் எடுக்கப்படும், ஒலிபெருக்கி இல்லை, பொறுப்பாளர் இன்னார் என்று ஒரு பக்கத்தில் எழுதினான். வரைபடமும் இணைத்தான்.

வனப் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்து, காட்டோரத்தில் சந்திக்கலாம் என்றார். சந்தித்து அரை மணித்தியாலம் எங்களோடு நடந்தார். இரண்டு பெட்டிகளின் இடத்தை மாற்றச் சொன்னார். ஒன்றில் பட்டுப்போன கொப்பு மேலே தொங்குகிறது, விழலாம் என்றார். மற்றது வேலைக்கு லொறி வரும் பாதை. நெருப்பு மூட்டும் இடத்தையும் காட்டித் தந்தார். அந்தப் புரட்டாதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர் காட்டுக்குள் தமிழ் வாசித்துக்கொண்டு திரிந்தார்கள். மாலையில் பதினாறு பை குப்பை சேர்ந்தது. அதில் எங்களுடையது இரண்டு பைதான்.

புதிதாக வந்தவர்களுக்குச் சில வார்த்தைகள்

பயமில்லாமல் போங்கள். நடக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். நீலப் பலகைப் பாதையில் காசு கட்டத் தேவையில்லை. சேலையோடும் நடக்கலாம், பிள்ளை வண்டிலோடு சில இடங்களில் போகலாம். பலகையில் உள்ள எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

நெருப்பு மூட்டுவதானால் அதற்கென்று கல் அடுக்கிய இடத்தில் மூட்டுங்கள். வரட்சிக் காலத்தில் கன்ரோன் முற்றாகத் தடை விதிக்கும், அதை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். காளான் பறிப்பதற்குச் சில கன்ரோன்களில் நாளும் நிறையும் குறித்திருக்கிறார்கள். நமக்கு இங்குள்ள காளான் பழக்கமில்லை. பல ஊர்களில் காளான் பரிசோதகர் இருக்கிறார். அவரிடம் காட்டாமல் சமைக்காதீர்கள். காற்று பலமாக வீசும் நாளில் காட்டுக்குள் நிற்க வேண்டாம். மாலையில் இருட்டியபின் விலங்குகளுக்கு இடம் விடுங்கள்.

பலரைக் கூட்டுவதானால் முன்கூட்டியே எழுதுங்கள். எப்போது, எங்கே, எத்தனை பேர், எத்தனை மணி வரை, யார் பொறுப்பு, குப்பையை யார் எடுப்பது. இந்த ஆறு விடயமும் கடிதத்தில் இருந்தால் அலுவலகத்தில் உள்ளவருக்கு வேலை சுலபம். மறுப்பு வந்தால் காரணத்தை வாசியுங்கள். காரணம் எழுதியிருக்காவிட்டால் பணிவாகக் கேளுங்கள். கேட்பது பிச்சை அன்று. இந்த நாட்டவர்களும் அப்படித்தான் கேட்டுப் பெறுகிறார்கள். துடுப்பாட்ட மைதானத்துக்கும், கலைவிழா மண்டபத்துக்கும், தேர் போகும் வீதிக்கும் இதே வழிதான்.

அன்று சூரிச்பேர்க்கில் தேநீர் குடித்து முடிந்தபின், அந்தத் தாயார் தாமே எழுந்து மரத்தடிக்குப் போனார். எங்கள் மகள் முதலில் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினாள். பச்சை நாடா சுற்றிய சாப்பாட்டுப் பெட்டிதான். ஒரு கொப்பி, ஒரு கட்டைப் பென்சில், ஒரு பிளாஸ்ரிக் நாய்க்குட்டி, இரண்டு கண்ணாடிப் போளைகள் இருந்தன.

"என்ன எழுதுறது?" என்று பையன் கேட்டான்.

"பேரும் திகதியும்" என்றாள் மகள்.

"தமிழிலை எழுதலாமோ அக்கா?"

"எழுதலாம்."

ஜேர்மன் பெயர்களுக்குக் கீழே அவன் தன் பெயரைத் தமிழில் எழுதினான். தாயார் பெட்டியை வாங்கி, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, வேருக்குள் வைத்து, மரப்பட்டையால் மூடினார். திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டார். "நாங்கள் தனிய வந்தாலும் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினமே?"

"மாட்டினம் தங்கச்சி" என்றோம்.

இரண்டு கிழமை கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டிலும் நீலப் பலகை இருக்கிறதாம். மகனோடு போய் மூன்றாவது நிலை வரைக்கும் செய்தாராம். மறுநாள் முழங்கால் நோவு தாங்க முடியவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.